ஆகாச அளவையும் பொது நன்மையும்

கடலுக்கு மேலுள்ள காற்றின் நிலையைச் செம்மையாக அறிவது நெடுங்காலம் மனிதனுக்கு எட்டாத காரியமாகவே இருந்தது. பலூனில் கருவி கட்டி வானில் விடும் ஸ்தலங்கள் பெரும்பாலும் தரையிலேயே இருக்கின்றன. புயலோ கடலில் பிறக்கிறது. இக்குறையை நீக்கும் உபாயம், வேறு காரியத்துக்காக ஏற்பட்ட சாதனம் ஒன்றிலிருந்து கிடைத்தது.

வழி அறிவதற்கு உதவும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இடைவிடாமல் ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. தாழ்வாகச் சுற்றும் வேறொரு துணைக்கோளிலிருந்து பார்த்தால், அவை ஒவ்வொன்றாகப் பூமியின் விளிம்புக்குப் பின்னே அஸ்தமிக்கும். அத்தருணத்தில் அலை காற்று மண்டலத்தை ஊடுருவியே வந்தாக வேண்டும். நீருக்குள் புகும் ஒளி வளைவதுபோல அலையும் அங்கே சிறிது வளைகிறது. வந்து சேரத் தாமதிக்கிறது. அத்தாமதத்தை அளந்தால் காற்றின் அடர்த்தி, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுவிடலாம். மேகமும் மழையும் இதற்குத் தடையல்ல. அணுக் கடிகாரத்தின் காலக் கணக்கே ஆதாரமாதலால், இன்றைய அளவையையும் பல ஆண்டுகள் கழித்து எடுக்கும் அளவையையும் ஐயமின்றி ஒப்பிடலாம்.

1965-ல் மாரினர் 4 செவ்வாய்க்குப் பின்னே மறைந்தபோது, அக்கிரகத்தின் காற்று எவ்வளவு மெல்லியது என்பதை இம்முறையே காட்டிற்று. 1995-ல் ஜி.பி.எஸ். அலைகளைக் கொண்டு பூமியின் காற்றிலும் இது பரீட்சிக்கப்பட்டது. 2006-ல் தைவானும் அமெரிக்காவும் கூடி ஆறு துணைக்கோள்களை அனுப்பின. 2019-ல் வேறு ஆறு, உஷ்ணப் பிரதேசத்துக்கென்றே அனுப்பப்பட்டன. நமது வங்காள விரிகுடாவும் அவற்றின் எல்லைக்குள் அடங்கியதே. நமது தேசமும் வாளாவிருக்கவில்லை. 2009-ல் ஓஷன்சாட்-2, 2011-ல் மேகா டிராபிக்ஸ் ஆகியவை இதற்கான இத்தாலியக் கருவியைத் தாங்கிச் சென்றன.

ஆனால், துருவங்களையும் அளக்க உத்தேசித்திருந்த மற்றோர் ஆறு துணைக்கோள்களின் திட்டம் 2017-ல் கைவிடப்பட்டது. 2020-ல் அமெரிக்க சர்க்கார், அன்றாட வானிலைக் கணிப்புக்காகத் தனிக் கம்பெனிகளிடம் இவ்வளவைகளை விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. மூலதனம் போட்டவன் லாபத்தை எதிர்பார்ப்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. அளவைகள் பெருகுவதும் நன்மையே. நமது கவலை வேறு. விலைக்கு வாங்கிய அளவையைப் பிறருக்கு அளிக்கலாமா கூடாதா என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. புயல் ஒப்பந்தம் பார்த்துக் கரையேறுவதில்லை. பணமில்லாத தேசத்தின் மீனவன் மட்டும் எச்சரிக்கையின்றிக் கடலில் நிற்பது எந்த நியாயத்தில் சேரும்?

உலக வானிலை ஸ்தாபனத்தின் மகாசபை, இன்றியமையாத அளவைகளைத் தேசங்கள் விலையின்றியும் தடையின்றியும் பரிமாறிக்கொள்ள வேண்டுமென்று 2021-ல் தீர்மானித்தது. அத்தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடலாகாது. கம்பெனிகளிடம் அளவைகளை வாங்கும் சர்க்கார்கள், அவற்றை எல்லாத் தேசத்து வானிலை நிலையங்களுக்கும் உடனுக்குடன் அளிக்கும் உரிமையையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். செலவு சற்று ஏறலாம். ஆயினும் ஒரு புயலில் அழியும் பயிருக்கும் உயிருக்கும் முன்னே அது பெரிதன்று. அத்துடன், பொதுப் பணத்தில் இயங்கும் துணைக்கோள்களையும் விட்டுவிடக் கூடாது. லாபமில்லை என்று ஒரு கம்பெனி கடையைக் கட்டினால், அளவையின் தொடர்ச்சி அறுந்துபோகும். தொடர்ச்சியே இம்முறையின் உயிர்.

நமது சர்க்கார் தன் துணைக்கோள்களில் இத்தகைய கருவியை இடையறாது வைத்து, கிடைக்கும் அளவைகளை உலகுக்கு மனமுவந்து அளிக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கும் தேசத்துக்கே பிறரிடமும் அதைக் கேட்கும் தகுதி உண்டு.