வெடிப்பதற்கு மட்டும் ஒரு வேடம்

மயிலாப்பூர் சபாக்களுக்குப் பாளையக்காரர்கள் மேல் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. ராதையும் கண்ணனும் ஆடிய மேடையில் வாள் சுழல்கிறது, காளையார்கோயில் பற்றி எரிகிறது. 2022இல் அரசாங்கமே வேலு நாச்சியார் நாட்டிய நாடகத்தை மேடையேற்றியது. ஏற்றட்டும். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற ஒரு பொம்பளையின் கதை ஊருக்குத் தெரிவதில் நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு குயிலியைப் பற்றியது.

இப்படியொரு போர் நாடகத்தை மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் பார்த்தேன். 1772இல் முத்துவடுகநாதர் சாகிறார், நாச்சியார் விருப்பாச்சிக்குப் போகிறார், ஹைதர் அலியிடம் உதவி கேட்கிறார். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காட்சி, தனித்தனிப் பாட்டு. குயிலி கடைசியில் வருகிறாள். விஜயதசமிக் கூட்டம், கையில் பூத்தட்டு, உடம்பெல்லாம் எண்ணெய், சிவப்பு விளக்கு, படார்! மூணு நிமிஷம்கூட இருக்காது. ஒரு வசனம் கிடையாது. அவளுக்கு அப்பன் ஆத்தா உண்டா, எந்தத் தெரு, எதற்காகப் படையில் சேர்ந்தாள், ஒண்ணும் கிடையாது. கைதட்டலில் கூரை பிய்ந்தது. பக்கத்து நாற்காலி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குயிலி கம்பெனி ஆவணங்களில் இல்லை, வாய்மொழியில்தான் இருக்கிறாள் என்பார்கள். அவள் எந்தச் சேரிக்காரி என்று நமக்குள்ளேயே தகராறு உண்டு. இருக்கட்டும். அவளுக்குக் கொடுக்கிற சாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கவர்னகிரி சுந்தரலிங்கத்துக்கும் இதே சாவுதான். 1799இல் கட்டபொம்மனுக்காக வடிவோடு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. அவரும் வெடிக்கிறார், இவளும் வெடிக்கிறாள். ராஜா ராணிக்குக் குதிரை, கோட்டை, வம்சம், பட்டாபிஷேகம். நமக்குக் கிடங்கு. வெடித்தவனுக்குப் பிணம்கூட மிஞ்சாது. எங்கே புதைப்பது, எந்தப் பாதை வழியாகத் தூக்கிப்போவது என்ற தொல்லையும் ஊருக்கு இல்லை!

இது என்ன குதர்க்கம், தியாகத்தைத்தானே மதிக்கிறார்கள் என்று கேட்கும் தோழர்கள் 1997ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகரில் புதிதாக அமைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. சிலை இல்லை, கோயில் இல்லை, பஸ்ஸின் நெற்றியில் ஒரு பேர். அவ்வளவுதான். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் நாங்கள் ஏறுவதா என்று ஆதிக்க சாதி கிளம்பியது. தென்மாவட்டங்களில் கல் பறந்தது, உயிர் போனது. அரசு என்ன செய்தது? ஏற மாட்டேன் என்றவனைக் கேட்கவில்லை. எல்லாக் கழகங்களிலும் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பேரும் போச்சு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஓடிய பல்லவனும் கூடவே இறங்கினான். ஒரு பள்ளன் பேர் பஸ்ஸில் இருக்கக்கூடாது என்பதற்காக ஒரு பல்லவ வம்சமே இறங்க வேண்டியதாயிற்று.

அதாவது சுந்தரலிங்கம் கிடங்கில் வெடிக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. குயிலிக்காக அழலாம். அவள் தெருக்காரன் எதிரே செருப்புப் போட்டு நடந்து வந்தால் அந்த அழுகை எங்கே போகும்?

இன்னொன்றும் உண்டு. எதிரிப் படையாக மேடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாவு பூசின வெள்ளைக்காரர்கள். கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்தார்களே, அவர்களை ஏன் ஒரு நாடகமும் காட்டுவதில்லை? காட்டினால், சொந்த ஊரில் கிடைக்காத எதை அங்கே தேடிப் போனான் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சம்பளமா, துப்பாக்கியா, நிமிர்ந்து நிற்கிற உரிமையா? துரோகி என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். 1818 கோரேகான் போரில் நின்ற மகர்களின் நினைவுத்தூணுக்கு 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் போனார். இன்றைக்கும் அங்கே லட்சக்கணக்கில் போகிறார்கள். 2018இல் அங்கே போனவர்கள் மீது கல்லெறிந்தவர்கள் பேஷ்வாவின் தோல்வியை இன்னும் மறக்கவில்லை.

சபாக்காரர்களிடம் ஒரு கேள்வி மட்டும். குயிலி எண்ணெய் ஊற்றிக்கொள்வதற்கு முந்தின நாள் என்ன பேசினாள்? அரண்மனையில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள்? அந்தக் காட்சியை எழுத உங்களுக்கு ஆள் இல்லை என்றால் நம்மிடம் இருக்கிறார்கள்.