கழுகை விரட்டிய பாவி யார்?

சென்ற வாரம் படூர் பஸ் நிறுத்தத்தில் நாம் காதால் கேட்டது இது. திருக்கழுக்குன்றம் போகப் புறப்பட்டு நின்ற கொத்தனார் ஒருவர், பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டார்: "ஏன் ஐயா, மலைமேலே கழுகு வருமாமே, இப்பவும் வருதா?"

"எங்கே தம்பி வருது! ஜனங்க பண்ற பாவம் அப்படி. பாவி நிக்கிற இடத்துக்கு அது வராது."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார், தாமே கழுகை விரட்டிவிட்டவர் போல! அந்தக் குனிந்த தலைதான் நம்மை இதை எழுத வைக்கிறது.

திருக்கழுக்குன்றம் கழுகால் பெயர் பெற்ற ஊர். பட்சி தீர்த்தம் என்றும் அதைச் சொல்வார்கள். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்திறங்கும்; வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்னும்; படியேறி வந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வராத நாளில், கூட்டத்தில் பாவி இருக்கிறான் என்பார்கள். பாவி எப்போதும் கூட்டத்தில்தான் இருப்பான். முன்வரிசையில் மாலையோடு நின்ற பெரிய மனிதர்களில் இருந்ததாக எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை! 1990களின் பிற்பகுதியோடு அந்த வரவு நின்றே போயிற்று.

ஊரின் வரலாறு கேட்டால் கல்லைக் காட்டுகிறார்கள். கந்தசிஷ்யன் என்ற பல்லவன் தந்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிம்மன் காத்தான், ஆதித்த சோழன் புதுப்பித்தான் என்கிறது கல்வெட்டு. மலைக் குடைவரையில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையே செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மன்னன் உண்டு, வெள்ளைக்காரன் உண்டு. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டவன் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை. கழுகின் கதையோ அவனிடத்தில்தான் இருக்கிறது.

ஏனெனில் கழுகுக்குப் பொங்கல் ஒருவேளைத் தின்பண்டம்; உண்மையான சாப்பாடு செத்த மாடுதான். 1990களில் மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து மலிவாகக் கிடைத்தது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். சில நாளில் சாவு. 2004-ல் விஞ்ஞானிகள் இதை நிறுவினார்கள். அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துவிட்டது. திருக்கழுக்குன்றக் கழுகு என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய மஞ்சள்முகப் பாறுவும் நாடெங்கும் சரிந்தது. இனம் அழிந்த காலமும் குன்றத்தில் வரவு நின்ற காலமும் ஒன்றாயிருப்பதைக் கண்ட பிறகும் பாவக் கணக்கு எழுதுவானேன்?

பறவைதானே போயிற்று என்று எண்ண வேண்டாம். பிணம் அழுகிக் கிடந்தது, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகிற்று. 2000 முதல் 2005 வரை இதனால் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக மாண்டிருப்பார்கள் என்று 2024-ல் வெளியான பொருளாதார ஆய்வொன்று கணக்கிடுகிறது. வெறிநாயும் கெட்ட தண்ணீரும் முதலில் தேடி வருவது பங்களாவையா, குடிசையையா?

2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதனுக்கென்று விற்ற பெரிய குப்பி மாட்டுக்குப் போயிற்று. 2015-ல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் மாட்டுக்குக் கூடாதென்று 2023-ல் தடை வந்தது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது.

ஆகவே செங்கற்பட்டு மாவட்டத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: மாடு வைத்திருக்கும் வீட்டில் என்ன ஊசி போட்டார்கள் என்று விசாரியுங்கள். மருந்துக் கடையில் கேளுங்கள். கழுகைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; கடைசியாக எந்த ஆண்டு கண்டார்கள், செத்த மாட்டை அப்போது எங்கே போட்டார்கள் என்று படிப்பகத்து நோட்டில் எழுதி வையுங்கள்.

கொத்தனாரிடம் இவ்வளவையும் சொல்லத்தான் வாயெடுத்தோம். பஸ் வந்துவிட்டது, முண்டியடித்து ஏறிப் போய்விட்டார். படூர்ப் பக்கம் வேலை செய்யும் தோழர்கள் எவரேனும் அவரைக் கண்டால் சொல்லுங்கள்.