கருவி இருந்தால் போதுமா?

கேட்ட வேலையை, தானே கருவிகளை எடுத்துச் செய்து முடிக்கும் ஏ.ஐ. ஏஜெண்டுகள் ஆபீசுகளுக்குள் வந்துவிட்டன. அவற்றோடு கருவிகளை இணைக்க எம்.சி.பி. என்ற பொது முறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்டது. கருவியின் பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய விவரங்கள் - ஏஜெண்டு இவற்றைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் புரோகிராம் அதற்குத் தெரியாது.

விளக்கம் எழுதுகிறவர்களோ "தேதி தருக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 03-04-2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காக்காரனுக்கு மார்ச் 4. குமாஸ்தாவாக இருந்தால் பக்கத்து மேஜையில் கேட்பார். ஏஜெண்டு பல நேரம் கேட்காமலே ஊகித்து மேலே போய்விடும். டிக்கெட் வேறு நாளுக்குப் பதிவாகும். நஷ்டம் யாருக்கு? ஊருக்குப் புறப்பட்டவருக்கு!

நாசாவின் செவ்வாய் விண்கலம் 1999-ல் அழிந்ததே, ஒரு புரோகிராம் பவுண்டு கணக்கில் கொடுத்ததை மற்றொன்று நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டதால்தான். அங்கே அளவு எழுதித்தான் இருந்தது, கடைப்பிடிக்கவில்லை. எழுதாமலே விட்டால் கேட்கவா வேண்டும்?

தவறு நேர்ந்தால் "பிழை 400" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. "ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தருக" என்றால் ஏஜெண்டு திருத்திக்கொள்ளும். பணம் பிடிக்கும் கருவியை இரண்டு தடவை இயக்கினால் இரண்டு தடவை பணம் போகுமா என்பதையும் எழுதியாக வேண்டும்.

கருவியைச் செய்தவரே விளக்கத்தையும் எழுதட்டும். அதை, கருவியைப் பற்றி ஒன்றும் அறியாத இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்த பிறகே வெளியே விடட்டும்.