கடதாசிப் பணமும் கைத்தறியாளரும்

மருதமுனைத் தறியிலே சாறன் நெய்பவர் தம் கூலியைக் கடதாசியாகவே பெறுகின்றார். அக்கடதாசிக்குத் தன்னளவிற் பெறுமதி இல்லை. அரசின் வாக்குறுதியே அதன் பெறுமதி. வாக்களித்தவர் வாக்குத் தவறினால் தண்டம் இறுப்பவர் யார்?

இவ்வாக்குறுதியின் வரலாறு நீண்டதன்று. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின், இலங்கையில் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசு ஏற்றது. அன்று தொட்டு நிலவிய நாணயச் சபை முறையிலே, ஒதுக்கின் ஆதாரமின்றித் தாள் பிறவாது. 1950இல் மத்திய வங்கி தோன்றவே அக்கட்டுத் தளர்ந்தது. 1971இல் அமெரிக்கா டொலருக்குப் பொன் தருவதை நிறுத்தியது. உலக நாணயங்கள் நம்பிக்கை ஒன்றின்மீதே நிற்கலாயின. வங்கி கடன் வழங்குந்தோறும் புதிய வைப்பொன்று தோன்றுவதால், கொடுகடன் பெருகப் பணமும் பெருகியது.

இது கண்டு, பொன்னுக்கே மீள்வோம் என்பாருமுளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று. நாணயச் சபைக் காலத்திலே பணத்தின் அளவு தோட்ட ஏற்றுமதியின் ஏற்றத்தாழ்வைப் பின்தொடர்ந்ததேயன்றி, அம்பாறைக் கரையின் வேளாண்மைக்காரரது தேவையைப் பின்தொடரவில்லை. குற்றம் கடதாசியினதன்று, அதனைப் பெருக்குவோர் பொறுப்புக் கூறாமையே குற்றம்.

2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசிறை வீழ்ந்தது, செலவு வீழவில்லை. அப்போது 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாயிருந்த, மத்திய வங்கி வசமிருந்த திறைசேரி உண்டியல்கள், 2021 இறுதியில் 1,400 பில்லியன் அளவை எட்டின. பணம் பெருகினால் விலை ஏறாது என அதிகாரத்திலிருந்தோர் வாதிட்டனர். விலைகள் அவ்வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐ அணுகியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய ஆண்டில் ஆயிரம் ரூபாவுக்குப் பெற்றவை 1,700 ரூபாவை வேண்டின.

பெருந்தொற்றும் உரத் தடையும் உலக எரிபொருள் விலையும் இதிற் பங்கேற்றமை மறுப்பதற்கில்லை. ஆயினும் அரசு குறைத்த வரியைப் பணவீக்கம் வாக்கெடுப்பின்றி அறவிட்டது என்பதும் மறுக்கவொண்ணாதது. புதுப்பணத்தை முதலிற் பெறுபவர் பழைய விலைக்கு வாங்குகின்றார். கடைசியிற் பெறுபவர் புதிய விலையையே காண்கின்றார். ரூபாக் கடன்பட்டோர், மெலிந்த ரூபாவால் அடைத்தனர். அவருள் தலைமையானது அரசே. தறிகாரருக்கோ நூல் விலை ஏறியது. மீனவருக்கு மண்ணெண்ணெய் எட்டாக்கனியாயிற்று. வட்டியை விலக்கி, மகளின் கலியாணத்துக்கெனக் காசாகவே சேமித்த கல்முனைக் குடும்பமோ முழுத் தண்டத்தையும் இறுத்தது.

முதல்நிலைச் சந்தையிலே அரசின் பிணையங்களை மத்திய வங்கி வாங்குவதை 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. நன்று. எனினும் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாராளுமன்றமே மாற்றலாம். பணத்தைப் பற்றிய வாதம் அறிஞர்தம் தனியுரிமை எனத் தறிமேடை ஒதுங்கியிருக்குமாயின், அடுத்த தண்டமும் அங்கேயே அறவிடப்படும்.