சக்கரத்தைச் சுழற்றுவது யார்?

கூண்டை விட்டு நடந்து வந்து, ஒரு சீட்டை இழுத்துப் போட்டு, ஒரு நெல்மணியைக் கூலியாகப் பெற்று மீளும் சோதிடக் கிளியை நாமெல்லாம் அறிவோம். இன்று அக்கிளியின் இடத்தை 'டாரட்' என்னும் மேனாட்டுச் சீட்டு பிடித்துவருகிறது. அதில் பத்தாவதான ஊழ்ச் சக்கரத்தைக் காட்டி, "தங்கவயல் மூடியதும் ஊழ், நம் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறுவதும் ஊழ், வள்ளுவரே ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தாரே!" என்பாரும் உளர். இக்கூற்றை மறுப்பது நம் கடமை.

டாரட், 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 1781இல் பிரான்சு நாட்டுக் கூர் த ழெபலின் அதனை எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார், சான்று காட்டினாரல்லர். குறி சொல்லும் வழக்கு அதன் பின்னரே பெருகிற்று. இன்று பெரிதும் வழங்கும் படங்கள் பமீலா கோல்மன் சுமித் வரைய, 1909இல் இலண்டனில் வெளிவந்தவை. பத்தாம் சீட்டில் ஒருபுறம் பாம்பு இறங்குகிறது; மறுபுறம் நாய்முக உருவொன்று ஏறுகிறது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் கை மட்டும் அப்படத்தில் இல்லை!

இக்கருத்து நமக்குப் புதிதன்று. எறிந்த நூற்கண்டு நூல் தீருமட்டும் உருளுவது போல, அறிஞனும் மூடனும் விதித்த அளவு உழன்றே தீர்வர் என்றார் ஆசீவகரான மற்கலி. புத்தர் அதனை ஏற்றிலர். யாவும் முன்னரே முடிந்தவை எனின், செய்யத்தக்கது, தகாதது என்னும் பாகுபாடே அழியும் என்பது அவர் வாதம். அவர் காட்டியதும் ஒரு சக்கரமே. ஆயினும் அது பேதைமை முதலாகப் பன்னிரண்டு சார்புகளால் ஆயது. காரணத்தை அறுத்தால் காரியம் அறும். மணிமேகலையின் இறுதிக் காதை விளக்குவது இதனையே.

வள்ளுவர் ஊழின் வலிமையை மறுத்தாரல்லர், மெய்தான். ஆனால் 38ஆம் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுவது நேர்மையாகுமா? 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. தெய்வத்தால் ஆகாத இடத்தும் முயற்சி தன் கூலியைத் தரும் என்றும், தளராது உழைப்பவர் ஊழையும் புறங்காண்பர் என்றும் அங்கே முடிக்கிறார். அவர் ஊழ் கூறியது செருக்கை அடக்க. சோம்பலை வளர்க்க அன்று.

அன்பர்களே, நம் கண்முன் நின்ற சக்கரத்தை நினையுங்கள். சுரங்க வாயிலின் தலையில் சுழன்ற அது, மனிதரைக் கூண்டில் ஏற்றி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறக்கிற்று. அது தானே சுழன்றதா? எஞ்சினை இயக்கிய கை ஒன்று இருந்தது. எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று முடிவு செய்த அலுவலகம் ஒன்று இருந்தது. பாறை வெடிப்பும் நுரையீரலை அரித்த கல்தூசியும் காரணமுள்ளவை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதும் வரவு செலவுக் கணக்கின் மீது மனிதர் எடுத்த முடிவே. காரணம் உள்ளவற்றுக்குப் பொறுப்பாளரும் உளர். அவர்களை விடுவிக்கும் சொல்லே 'விதி'.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழும் மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கமும் இம்மண்ணில் பகுத்தறிவை விதைத்தன. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிய நிருவாகம் முனைந்தபோது, அவர்கள் தம் கைரேகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சோதிடரைக் கேட்கப் போகவில்லை. அந்தக் கைகளால் வேலையை நிறுத்தினர்.

துன்பத்தில் ஆறுதல் தேடுவோரை இகழ்வது நம் கருத்தன்று. பிள்ளையின் வேலையைப் பற்றிக் கவலையுறும் தாய் எதையும் நாடுவாள். ஆயினும் சீட்டுக்குக் கொடுக்கும் பணம் ஒரு நூலுக்கு ஆகட்டும், "என் விதி என்ன?" என்னும் கேள்வி, "இதன் காரணம் என்ன?" என்று மாறட்டும். கிளிக்கு நெல்மணி போதும். நம் பிள்ளைகளுக்குப் போதாது.