எத்தனை மணி நேரத்துக்குள்?

கடுவன் பூனை ஒன்று மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்காருகிறது. முக்குகிறது, கத்துகிறது, எழுந்து வந்து மறுபடியும் போகிறது. மலச்சிக்கல் என்று வீட்டில் முடிவு செய்து ஒரு சங்கு விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். மறுநாள் அது மூலையில் சுருண்டு கிடக்கிறது. “சரியாயிடுச்சு சார், அமைதியாத் தூங்குது” என்று போனில் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் நம் மேசைக்கு வரும்போது உடம்பு சில்லிட்டிருக்கிறது, சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருக்கிறது, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தளர்ந்துவிட்டது. கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ சிறுபிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் யாருக்கும் இது புதிய கதை இல்லை.

இந்த வீட்டுக்காரர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. முதல் மணி நேரத்திலேயே பூனையின் தவிப்பைக் கண்டவர்கள் அவர்கள். அறிகுறி கண்ணில் பட்டது. அதற்கு எத்தனை மணி நேர அவகாசம் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதை அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

நம் மருத்துவமனைச் சுவர்களில் தொங்கும் பலகைகளைப் பாருங்கள். வாந்தி, பேதி, சோர்வு, தீனி எடுக்காமை, இருமல், நொண்டல் என்று வரிசையாக, எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். காலையில் புல்லைத் தின்று ஒரு தடவை கக்கிவிட்டு வாலாட்டும் நாயும், வயிறு உப்பிக்கொண்டே போக ஒன்றும் வெளிவராமல் ஓங்கரிக்கும் கிரேட் டேனும் அந்தப் பலகையில் ஒரே வரிதான். முதல் நாய்க்கு மாலை வரை பொறுக்கலாம். இரண்டாவதற்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. “கவனமாப் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்புவது மரியாதையான பேச்சு, அவ்வளவே. அது மருத்துவ ஆலோசனை ஆகாது.

நம் மாவட்டத்தில் இந்தக் கணக்குக்குத் தனி அழுத்தம் உண்டு. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி குறும்பபேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கே சுமார் 45 கிலோமீட்டர். கிள்ளை, காட்டுமன்னார்கோவில் என்றால் அதற்கும் மேல். ஒரத்தநாட்டுக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஸ்கேன், ரத்தம் ஏற்றுதல், அவசர அறுவை எதுவானாலும் பாதி நேரம் சாலையில் போகும். 1962 எண்ணுக்கு வரும் ஊர்தியும் மாடு, ஆடு வளர்ப்போரை மனத்தில் வைத்து வந்ததுதான். ஆகவே வீட்டில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்துவதே நம் கையில் இருப்பது.

காலக்கெடுவோடு சொல்வது எப்படி? பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், வலிப்பு நிற்காமல் தொடர்ந்தால், ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். கடுவன் பூனை முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் அன்றைக்கே, இரவானாலும் சரி. தடுப்பூசி முடியாத குட்டி ரத்தமாகக் கழிந்தால் அன்றைக்கே. பார்வோவில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் நீரிழப்பும் அதன் பின்னால் வரும் கிருமித் தாக்கும்தான். பெட்டை நாய் சூட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீரை அளவில்லாமல் குடித்துச் சோர்ந்தால், கருப்பையில் சீழ் இல்லை என்று உறுதிப்படும் வரை அது அவசரம்தான். பூனை ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் போன் செய்யச் சொல்லுங்கள். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் பட்டினியிலேயே ஈரலில் கொழுப்பு அடைந்து மஞ்சள் காமாலையில் விழும்.

அவசரத்தை அறிய இயல்பு தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசிக்கு வரும் நாள்தான் அதற்கு வாய்ப்பு, நாம் பெரும்பாலும் தவறவிடும் வாய்ப்பும் அதுவே. நாய் தெம்பாக இருக்கிறது, வீட்டுக்காரர் பதற்றமில்லாமல் இருக்கிறார். உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைக் காட்டுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புவதை அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். அமைதியான உறக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டி, அது தொடர்ந்தும் இருந்தால் இதயத்தையோ நுரையீரலையோ பார்த்தாக வேண்டும். இருமல் வருவதற்கு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிட வேலைதான்.

தீனி விஷயத்தில் நம் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. துறைமுகம், தேவனாம்பட்டினம் பக்கத்துப் பூனைகள் பச்சை மீனில் வளர்கின்றன. நெத்திலி இனம் உள்ளிட்ட பல மீன்களில் தையமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. நாள் கணக்கில் அதையே தின்ற பூனை முதலில் தீனியை வெறுக்கும், பிறகு தள்ளாடும், தலை மார்பை நோக்கிக் கவிழும், கடைசியில் வலிப்பு. சூடு பட்டால் அந்த நொதி அழிந்துவிடும் என்பதால் வேகவைத்துக் கொடுங்கள் என்ற ஒரு சொல் போதும். இந்தத் தள்ளாட்டத்தோடு வரும் பூனைக்கு வேறு எதையும் தேடுமுன் தையமின் ஊசி போடுங்கள். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கதை வேறு. அங்கே பாலும் தயிர்சாதமும். டாரின் இல்லாத தீனியில் பூனையின் கண் திரை தேயும், இதயத் தசை தளரும். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸில் பால் பியன் குழுவினர், டாரின் கொடுத்தால் அப்படி விரிந்த இதயம் மீளும் என்று காட்டினார்கள். சைவ வீட்டுப் பூனைக்கு அசைவம் போடு என்று நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. டாரின் சேர்த்த கடைத் தீனியை வாங்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். நாய்களுக்குச் சாம்பார் சாதம் பொது. அதிலுள்ள சின்ன வெங்காயம் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

உண்ணியைப் பற்றி நம் வாசகர்களுக்குப் பாடம் தேவையில்லை. ஆனால் வீட்டுக்காரர் உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுகிறார். முட்டை இடுவது சுவர் விரிசலில், கட்டில் காலடியில், நாய்க்கூண்டின் மூலையில். இந்தக் கடலோரத்தில் உண்ணி ஓய்ந்திருக்கும் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மருந்தும் ஆண்டு முழுவதும் வேண்டும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிற மூத்திரம் ஆகிய மூன்றையும் படம் காட்டிச் சொல்லிவையுங்கள். வந்தால் காது நுனி ரத்தத்தில் ஒரு ஸ்மியர் எடுத்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘டிக் ஃபீவர்’ என்று எழுதி டாக்ஸிசைக்ளினோடு அனுப்பும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. பபீசியா அதற்கு அடங்காது. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூனை உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு வரும். பாராசிட்டமாலும் இதே வகைதான். காய்ச்சல் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும். முகம் வீங்கி ஈறு பழுப்பேறி வந்தால், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். திட்டுகிற குரலில் கேட்டால் உண்மை வராது.

கத்திரி வெயிலில் கடலூரின் புழுக்கம் தனி. காற்றில் ஈரம் கூடினால் நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. பக் நாய்களை நினைத்துப் பாருங்கள். இங்கே மட்டும் அறிவுரை தலைகீழ்: உடனே கிளம்பாதீர்கள், முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியைப் போடுங்கள், பிறகு வண்டி எடுங்கள். குளிர்விக்காமல் 45 கிலோமீட்டர் ஓட்டி வந்த நாயைக் காப்பாற்றுவது கடினம்.

அடுத்தது வெள்ளம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் மழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதையொட்டித் தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு முறையும் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய்கள் நாள் கணக்கில் நின்றன. எலிக்காய்ச்சல் தடுப்பூசி முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. முதல் தவணை ஆகஸ்டில், இரண்டாவது செப்டம்பரில் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளாத மருத்துவமனை வெள்ளம் வடிந்த பிறகுதான் ஊசி தேடும். தடுப்பூசியில் இல்லாத வகைக் கிருமிகளும் உண்டு என்பதால், ஊசி போட்ட நாய்க்கும் காய்ச்சலும் மஞ்சளும் மூத்திரக் குறைவும் சேர்ந்து வந்தால் கையுறை போட்டுக்கொண்டே தொடுங்கள். வீட்டுக்காரருக்கும் அதையே சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான வாக்கியம் ஒன்று உண்டு: “தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு சார், கைய விட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல.” தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் கம்மி, விழுங்க முடியாமல் நிற்கும் நாய். வெறி என்றால் பாய்ந்து கடிக்கும் என்றே ஊர் நினைக்கிறது. சோர்ந்து ஒடுங்கும் வகையும் உண்டென்று தெரியாது. அந்த நாயின் வாயை நாமும் திறந்து பார்க்கக் கூடாது. வாயில் கையை விட்டவர் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். வீட்டில் தொட்டவர்கள் பட்டியலை அங்கேயே எழுதி வாங்குங்கள். நாயைப் பிடிக்கும் நம் உதவியாளர் முன்கூட்டிய தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் மருத்துவர் போட்டிருப்பார், உதவியாளர் போட்டிருக்க மாட்டார்.

தடுப்பூசி அட்டையின் பின்புறம் இன்று மருந்துக் கம்பெனியின் விளம்பரத்துக்குப் போகிறது. அந்த இடத்தை மீட்டுத் தமிழில், பெரிய எழுத்தில், மூன்று பத்தியாகப் பிரிக்கலாம்: இந்த நிமிடமே, இன்றைக்குள், நாளை வரை பார்க்கலாம். கீழே இரவில் கூப்பிட ஒரு எண். நீங்கள் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொரு எண். கடலூர், சிதம்பரம் நண்பர்கள் நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டால் அந்த இரண்டாவது எண் கிடைத்துவிடும். ஆகஸ்டில் முதல் தவணை ஊசிக்கு வரும்போதே அட்டை கைக்குப் போய்ச் சேரட்டும். அச்சடித்ததும் ஒரு படியை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் மக்கள் நோயை எப்படிச் சொல்லி வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.