“அப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது?” - ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு...

போன வாரம் ஒரு வாசகி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் 40 விநாடிதான். “அக்கா, குடியை விடணும்னு அப்பாவே சொல்றார். ராத்திரி அழறார். காலையில திரும்பக் கடைக்குப் போயிடறார். குடிக்கிறவங்களுக்குன்னு ஏதோ மீட்டிங் நடக்குதாமே, அது எங்க? யார்கிட்ட கேட்கணும்? எங்க தெருவுல யாருக்கும் தெரியக் கூடாதுக்கா...” கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. கேட்கத்தான் கூச்சம். அதனால் இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

அது என்ன மீட்டிங்?

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இருவருமே குடியிலிருந்து மீளப் போராடியவர்கள். குடித்தவனின் அவஸ்தையைக் குடித்தவனிடமே பேசினால் அன்றைய நாளைக் குடிக்காமல் கடக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்றும் ஏ.ஏ.வின் அடிப்படை இதுதான்.

சேரக் கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முழுப்பெயர், வேலை, சாதி எதையும் கேட்க மாட்டார்கள். ‘அனானிமஸ்’ என்றால் பெயர் வெளியிடாதவர் என்று பொருள். தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வாசகியின் பயத்துக்கு அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது.

முதலில் டாக்டர்!

பல வருடங்களாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே ‘நாளையிலிருந்து தொடமாட்டேன்’ என்று சத்தியம் வாங்கும் முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஏ.ஏ. கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று கிடையாது. சிகிச்சைக்குப் பிறகும் குடிக்காமல் இருக்க அது துணை நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச உதவி எண் 14446. தமிழக அரசின் 104, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகியவற்றிலும் வழி கேட்கலாம்.

* ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்தில் தேடலாம். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாறியிருக்கலாம் என்பதால் போன் செய்து உறுதிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

* சிகிச்சை அளிக்கும் மருத்துவர், ஆலோசகரிடம் கேட்டால் பக்கத்துக் கூட்டம் பற்றிச் சொல்வார்கள்.

* சொந்த ஊரில் தெரிந்த முகம் இருக்குமோ என்று தயங்கினால் அடுத்த ஊருக்குப் போகலாம். ஆன்லைன் கூட்டங்களும் உண்டு.

போன் செய்யும்போது ‘ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா?’ என்று கேளுங்கள். ஓப்பன் என்றால் குடும்பத்தினரும் உடன் போகலாம். க்ளோஸ்டு, குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

உள்ளே என்ன நடக்கும்?

இதை எழுதுவதற்காக, அனுமதி கேட்டு ஓர் ஓப்பன் மீட்டிங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். அது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டியது.

பிளாஸ்டிக் நாற்காலிகள், சூடான டீ. ஒவ்வொருவராக எழுந்து தன் கதையை மட்டும் சொன்னார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பேச விருப்பமில்லாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். சர்ச் வளாகங்களில் பல கூட்டங்கள் நடப்பதால் ‘மதம் மாத்திடுவாங்களோ’ என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. கடவுள் பேச்சு வரும். யாரை, எப்படி நினைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம்.

‘இனி வாழ்நாள் முழுக்க’ என்று அங்கே யாரும் சபதம் செய்வதில்லை. ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பதே கணக்கு. நடுவில் ஒருமுறை சறுக்கிவிட்டாலும் கதவு திறந்தே இருக்கும். முதல் கூட்டம் ஒட்டவில்லை என்றால் வேறு இடத்துக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வர மறுத்தால்?

கட்டாயப்படுத்தி இழுத்துப் போனால் பலன் குறைவு. தெளிவாக இருக்கும் நேரத்தில், காலையில், திட்டாமல் பேசுங்கள். சாம்பாரில், காபியில் தெரியாமல் மருந்து கலப்பது கூடவே கூடாது. டைசல்பிராம் போன்ற மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காகவே ‘அல்-அனான்’ என்ற தனி அமைப்பு இருக்கிறது. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ‘அலட்டீன்’. அப்பா குடிப்பதற்குத் தான் காரணமில்லை என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாக உணரும் இடமாக அது இருக்கலாம்.

இதையெல்லாம் அந்த வாசகிக்கு அன்றே போனில் சொன்னேன். நேற்று மெசேஜ் வந்தது. “அப்பா டாக்டரைப் பார்த்துட்டார்க்கா. சனிக்கிழமை முதல் மீட்டிங். க்ளோஸ்டாம், என்னை விட மாட்டாங்க. எதிர் டீக்கடையில உட்கார்ந்திருப்பேன்.”